பைலட் ஜெட்டுக்கு முன் ஏர் ஸ்க்ரூ

மதுரை சிம்மக்கல்லில் புறப்பட்டு வடக்கு மாசி வீதி வழியாகப் போகும் மோட்டார் சைக்கிளுக்கு ஆக்சிலேட்டரைக் கால் பங்குக்கு மேல் முறுக்க இடமே கிடைப்பதில்லை. யானைக்கல் பக்கம் இறங்கினாலும் இப்படித்தான். மாட்டுவண்டிக் காலத்தில், 1889-இல் திறந்த ஏ.வி. பாலத்தில் ஏறிக் கோரிப்பாளையம் போனாலும் இப்படித்தான். முதல் கியர், இரண்டாம் கியர், ஒரு பிரேக், மறுபடி முதல் கியர். ஊருக்கு வெளியே மேலூர் பக்கமோ திருமங்கலம் பக்கமோ போனால்கூட, மேடு பள்ளமில்லாத சமவெளிச் சாலையில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாக ஓட்டுகிறவருக்குக் கால் பங்குத் திறப்பே ஏறக்குறைய போதும். கார்ப்பரேட்டரில் அந்தக் கால் பங்குக்குப் பொறுப்பு பைலட் ஜெட். ஸ்லோ ஜெட் என்று கேட்டாலும் கடையில் இதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். மெயின் ஜெட்டைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் நம் ஊரில் ஓடும் வண்டி தன் ஆயுளில் பெரும்பகுதியை பைலட் ஜெட் தரும் பெட்ரோலில்தான் கழிக்கிறது. அதனாலேயே வண்டியில் என்ன குறை வந்தாலும் அதன் மேல் பழி விழுகிறது, அதனாலேயே அது தேவையில்லாமல் மாற்றவும் படுகிறது. இந்தத் தொழிலில் இருக்கிறவன் என்ற முறையில் நான் வாதிட விரும்புவது ஒன்றுதான். பைலட் ஜெட்டின் அளவை வாய்ச்சொல்லை நம்பியோ பழக்கத்தை நம்பியோ முடிவு செய்யக் கூடாது. அந்த அளவு சரியா தவறா என்பதை ஏர் ஸ்க்ரூ நின்று காட்டும் இடம் சொல்லிவிடும். அது சொல்லாத வரை ஜெட்டில் கை வைக்கத் தேவையில்லை.

இந்த வாதம் நிற்க வேண்டுமானால் பைலட் ஜெட் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். வண்டி ஐட்லிங்கில் நிற்கும்போது ஸ்லைடு ஏறக்குறைய மூடிக் கிடக்கிறது. கார்ப்பரேட்டரின் தொண்டையில் காற்றோட்டம் மெதுவாக இருப்பதால் நீடில் வழியாகப் பெட்ரோலை இழுக்க அதற்குச் சக்தியில்லை. ஆனால் ஸ்லைடுக்குப் பின்னால், எஞ்சின் பக்கத்தில், பிஸ்டன் இறங்குவதால் உண்டாகும் வெற்றிடம் பலமாக இருக்கிறது. அந்த இடத்தில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை திறந்திருக்கும். ஃப்ளோட் கிண்ணத்துப் பெட்ரோல் பைலட் ஜெட் வழியாக ஏறி, தனிவழியில் வரும் காற்றோடு கலந்து நுரைபோல் ஆகி, அந்தத் துளை வழியே எஞ்சினுக்குள் போகிறது. ஆக்சிலேட்டரை லேசாகத் திருகியதும் ஸ்லைடின் விளிம்பு நகர்ந்து, பக்கத்திலுள்ள பைபாஸ் துளைகளையும் வெற்றிடத்துக்குக் காட்டுகிறது. அப்போது அவையும் கலவையைத் தரத் தொடங்கும். திறப்பு கால் பங்கைத் தாண்டும்போது பொறுப்பு நீடிலுக்குப் போகிறது, முக்கால் பங்குக்கு மேல் மெயின் ஜெட்டுக்கு. எல்லைகள் கோடு போட்டாற்போல இல்லை, ஒன்றின் மேல் ஒன்று ஏறியே நிற்கும். ஆனாலும் சிக்னலில் ஆஃப் ஆகும் வண்டிக்கு மெயின் ஜெட் மாற்றுவதும், எண்பதில் இழுக்காத வண்டிக்கு பைலட் ஜெட் மாற்றுவதும் வீண் வேலை என்று சொல்ல இவ்வளவு தெரிந்தால் போதும்.

இந்தத் துளையின் அளவைக் கவனியுங்கள். கெய்ஹின் கார்ப்பரேட்டரில் 35 என்று பொறித்த ஜெட்டின் துளை 0.35 மில்லிமீட்டர். அடுத்தபடி 38. எண்ணாகப் பார்த்தால் மூன்றுதான் வித்தியாசம். ஆனால் பெட்ரோல் பாய்வது விட்டத்தை வைத்து அல்ல, பரப்பை வைத்து. 38-ஐ 35-ஆல் வகுத்து, வந்ததை அதோடே பெருக்கினால் 1.18 வரும். அதாவது ஒரே ஒரு படி ஏற்றினால் பாதை 18 சதவீதம் அகலமாகிறது. மிக்குனி கார்ப்பரேட்டரில் 15-க்கு அடுத்தது 17.5. எண் துளையின் அளவை ஒட்டியே ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால் அங்கே ஒரு படிக்கு 36 சதவீதம் கூடுகிறது. அதே மிக்குனியில் 25-இலிருந்து 27.5-க்குப் போனால் 21 சதவீதம்தான். சிறிய ஜெட்டில் ஒரு படி என்பது பெரிய ஜெட்டின் ஒரு படியைவிடப் பெரிய மாற்றம். ‘ரெண்டு பாயின்ட் ஏத்திப் போடு’ என்று கடைவாசலில் நின்று சொல்கிறவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லவே மாட்டார்.

இதே கணக்குதான் இன்னொரு பழக்கத்தையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. அடைத்த ஜெட்டைக் குத்தூசியாலோ கிளட்ச் கேபிளின் எஃகு இழையாலோ குத்தி எடுப்பது நம் பட்டறைகளில் அன்றாட வேலையாக இருக்கிறது. ஜெட் பித்தளை. எஃகு அதைவிடக் கடினம். குத்தக் குத்தத் துளையின் ஓரம் தேய்ந்து 0.35 மில்லிமீட்டர் 0.40 ஆகிவிட்டால் பரப்பு 31 சதவீதம் கூடிவிடும். தலையில் அச்சடித்த 35 அப்படியே இருக்கும், உள்ளே ஓடுவது 40-இன் பெட்ரோல். பிறகு அந்த வண்டி மைலேஜ் தரவில்லை என்று வரும்போது, எண்ணைப் பார்த்து ‘கம்பெனி ஜெட்தான் இருக்கு’ என்று திருப்பி அனுப்புவார்கள். ஜெட்டைக் கார்ப்பரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்தால் பெரும்பாலான அடைப்பு போய்விடும். போகவில்லையென்றால் மின்கம்பிக்குள் இருக்கும் மெல்லிய செம்பு இழை ஒன்றை, துளையை விடச் சிறியதாகப் பார்த்து, திருகாமல் மெதுவாக விட்டு எடுக்கலாம். அதற்கும் போகாவிட்டால் ஜெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அதே எண்ணில் புதிது போடுவதே நியாயம். அதன் விலை ஒரு லிட்டர் பெட்ரோலின் விலையோடு ஒப்பிடும்படிதான் இருக்கும்.

இனி ஏர் ஸ்க்ரூவுக்கு வருகிறேன். எல்லாத் திருகும் ஒன்றல்ல என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். திருகு ஸ்லைடுக்கு முன்னால், ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துவது. உள்ளே திருகினால் காற்று குறைந்து கலவை ரிச் ஆகும், அதாவது பெட்ரோலின் பங்கு கூடும். ஸ்லைடுக்குப் பின்னால், எஞ்சின் பக்கம் இருந்தால் அது கலவையையே கட்டுப்படுத்துவது. அங்கே வெளியே திருகினால்தான் ரிச். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டவர் எடுக்கும் முடிவு எல்லாம் தலைகீழாகப் போகும். மாசு விதிகள் இறுகிய பிறகு வந்த பல வண்டிகளில் இந்த இரண்டாவது வகைத் திருகை மூடி போட்டு அடைத்திருப்பார்கள். சோதனைக்கு எஞ்சின் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும். நின்ற இடத்தில் முறுக்கிச் சூடாக்கினால் போதாது, ஓட்டி வர வேண்டும். ஐட்லிங்கைக் கொஞ்சம் உயர்த்தி வைத்து, திருகை மெதுவாக முழுக்க மூடி, எத்தனை சுற்றில் இருந்தது என்று குறித்துக்கொண்டு, ஒன்றரைச் சுற்றுக்குத் திறக்க வேண்டும். அங்கிருந்து கால் சுற்றுக் கால் சுற்றாக நகர்த்தி, ஒவ்வொரு முறையும் எஞ்சின் பதில் சொல்லச் சில நொடி பொறுத்து, எங்கே சுழற்சி அதிகமாகவும் சீராகவும் நிற்கிறதோ அந்த இடத்தைப் பிடிக்க வேண்டும். பிறகு ஸ்லைடு திருகால் ஐட்லிங்கை இறக்கி இன்னொரு முறை பார்க்க வேண்டும். ஏர் ஸ்க்ரூ ஒன்றுக்கும் இரண்டரைக்கும் இடையே எங்காவது நின்றால் ஜெட் சரி, வேலை முடிந்தது. அரைச் சுற்றுக்கும் கீழே, மூடும் நிலையில்தான் நன்றாக ஓடுகிறது என்றால், எஞ்சின் பெட்ரோல் கேட்கிறது என்று பொருள். ஜெட்டை ஒரு படி ஏற்றலாம். இரண்டரையைத் தாண்டி, மூன்று சுற்றுத் திறந்தும் போதவில்லை என்றால் ஜெட் பெரிது. எஞ்சின் பக்கத் திருகாக இருந்தால் இந்தத் தீர்ப்பை அப்படியே திருப்பிப் படிக்க வேண்டும்.

திருகு எல்லைக்கு வெளியே நின்றாலும் உடனே ஜெட்டை வாங்க ஓட வேண்டாம் என்பேன். கார்ப்பரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள மேனிஃபோல்டு ரப்பர் வெயிலில் காய்ந்து வெடித்திருந்தால் அதன் வழியே காற்று புகும். அங்கேயுள்ள ஓ ரிங் நசுங்கியிருந்தாலும் புகும். அந்த வண்டி ஜெட் சிறிதாக இருக்கும் வண்டியைப் போலவே நடிக்கும்: காலையில் சோக் இல்லாமல் நிற்காது, ஆக்சிலேட்டரைச் சட்டென்று திருகினால் ஒரு கணம் விக்கும், விட்ட பிறகும் ரேசிங் உடனே இறங்காது, இறக்கத்தில் சைலன்சர் படபடக்கும். இன்லெட் டேப்பட் இறுகிப் போனாலும், ஃப்ளோட் மட்டம் தாழ்ந்திருந்தாலும் கிட்டத்தட்ட இதே நடிப்புதான். யமஹா ஆர்எக்ஸ் 100 போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் கிராங்க் ஆயில் சீல் கசிந்தாலும் இப்படியே. மறுபக்கம், சோக் முழுக்க மூடாமல் கொஞ்சம் தங்கினால் ஜெட் பெரிதாக இருப்பதைப் போலக் கரிப் பிளக்கும் சூட்டில் ஆஃப் ஆவதும் வரும். இவற்றையெல்லாம் விட்டுவிட்டு ஜெட்டை மாற்றினால் குறை சில நாள் மறைந்திருக்கும். ஆனால் ரப்பரின் வெடிப்பு பெரிதாகிக்கொண்டே போகுமே தவிர, ஜெட் அதைத் துரத்திக்கொண்டு தானாகப் பெரிதாகாது. ஒரு சின்னச் சோதனை உண்டு. சூடான எஞ்சின் ஐட்லிங்கில் இருக்கும்போது சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். ஓட்டம் தேறினால் கலவை லீன், அதாவது பெட்ரோல் போதவில்லை. தடுமாறினால் லீன் என்ற சந்தேகத்தை விட்டுவிடலாம்.

என் வாதத்துக்கு வரும் முதல் மறுப்பு வெயிலைப் பற்றியது. ‘மதுரை வெயிலுக்கு எஞ்சின் கொதிக்குது, ஒரு படி பெரிய ஜெட் போட்டாத்தான் குளிரும்’ என்பார்கள். எஞ்சின் கொதிப்பது உண்மை. ஆனால் கார்ப்பரேட்டர் வெயிலில் என்ன செய்கிறது? காற்று சூடாகும்போது அதன் அடர்த்தி குறைகிறது. 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு ஏறினால் ஏறத்தாழ ஐந்து சதவீதம் குறையும். பெட்ரோலின் வரத்து அதே அளவு குறைவதில்லை. ஆகவே வெயில் ஏற ஏறக் கலவை தானாகவே இரண்டு, இரண்டரை சதவீதம் ரிச் பக்கம் சாய்கிறது. சித்திரை மாதத்துக்கு என்று பெரிய ஜெட் கேட்பது இயற்கை ஏற்கெனவே கொடுத்ததை மறுபடி கேட்பதாகும். கொடைக்கானல் ஏறுகிறவர்களுக்கும் இதே கணக்கைச் சொல்லலாம். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் நம் சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று மேலாகக் குறைந்திருக்கிறது. அங்குள்ள குளிர் அதில் கொஞ்சத்தை ஈடுகட்டினாலும், கலவை ஒன்பது, பத்து சதவீதம் ரிச் ஆகிவிடும். 35-லிருந்து ஒரு படியின் 18 சதவீதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மலைக்குப் போய்வர ஜெட் மாற்றத் தேவையில்லை, ஏர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திறந்தாலே போதும். மலையிலேயே குடியிருப்பவர் விஷயம் வேறு.

இரண்டாவது மறுப்பு இப்போது எல்லோர் வாயிலும் இருப்பது: எத்தனால் கலந்த பெட்ரோல். 2022-இல் நாடு பத்து சதவீதக் கலப்பை எட்டியது. 2023 பிப்ரவரியில் இருபது சதவீதக் கலப்பு பெட்ரோல் பங்க்குகளுக்கு வரத் தொடங்கி, இப்போது அதுவே பொதுவாகிவிட்டது. தூய பெட்ரோல் முழுதாக எரிய ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு ஒன்பது போதும். இருபது சதவீதக் கலப்புக்கு ஏறத்தாழ 13.5 என்று வருகிறது. அதாவது தூய பெட்ரோலுக்கு அளவிட்ட பழைய கார்ப்பரேட்டர் இன்றைக்கு எட்டு சதவீதம்போல லீனாக ஓடுகிறது. பத்து சதவீதக் கலப்பில் டியூன் செய்த வண்டிக்கு வித்தியாசம் இதில் பாதிதான். இந்தக் கவலை நியாயமானது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எட்டு சதவீதக் குறைக்குப் பதினெட்டு சதவீத மருந்து எதற்கு? ஏற்கெனவே லீன் ஓரத்தில் நின்ற வண்டியாக இருந்தால் ஏர் ஸ்க்ரூ மூடும் நிலைக்கு வந்து அதைச் சொல்லிவிடும், அப்போது மாற்றுவோம். மற்ற வண்டிகளுக்குத் திருகின் பயணத்திலேயே இது அடங்கிவிடும். எத்தனால் செய்யும் பெரிய கேடு வேறிடத்தில் இருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும், டேங்கின் துருவையும் பழைய படிவையும் கிளப்பிக்கொண்டு வரும், பழைய ரப்பர்களைக் கெடுக்கும். அந்தக் குப்பை முதலில் போய் உட்காரும் இடம் கார்ப்பரேட்டரிலேயே மிகச் சிறிய துளைகளில் ஒன்றான பைலட் ஜெட். பல நாள் நிறுத்தி வைத்த வண்டி ஐட்லிங் பிடிக்கவில்லையென்றால் அது அளவுக் கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு, அடைப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

மைலேஜுக்காகச் சிறிய ஜெட் போடச் சொல்கிறவர்களையும் ஒதுக்கிவிட முடியாது. பால் கறந்து ஊற்றப் போகிறவருக்கும் காய்கறி மூட்டை ஏற்றிப் போகிறவருக்கும் லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் என்பது மாதக் கடைசியில் தெரியும் பணம். ரிச்சாக ஓடும் வண்டியைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்தால் மைலேஜ் கூடுவதும் உண்மைதான். ஆனால் சரியான இடத்தைத் தாண்டி லீன் பக்கம் போனால் கிடைத்தது திரும்பிப் போய்விடும். கலவை ஒரு சுழற்சியில் பற்றும், மறு சுழற்சியில் பற்றாது. இழுவை இல்லாததால் ஓட்டுகிறவர் அறியாமலே ஆக்சிலேட்டரைக் கூடத் திறப்பார், காலையில் சோக்கை இழுத்தபடியே தெருக்கோடி வரை போவார். சின்ன ஜெட் மிச்சம் பிடித்த பெட்ரோல் இந்த வழிகளில் செலவாகும். வாடிக்கையாளர் கேட்டார் என்பதற்காக அவருக்கு நஷ்டமான ஒன்றைச் செய்துகொடுப்பது தொழில் நேர்மை ஆகாது.

இன்னொரு மறுப்பு மரியாதைக்குரியவர்களிடமிருந்து வருகிறது. அனுபவமுள்ள மெக்கானிக்குக் காதே போதும், சுற்று எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை என்பது அது. பழைய கைகளின் காது கூர்மையானதுதான். ஆனால் காது கேட்பது சுழற்சியின் வேகத்தையும் சீரையும். கலவையின் விகிதத்தைக் காது கேட்காது. கொஞ்சம் ரிச்சாக இருக்கும் எஞ்சின் மென்மையாகவே ஓடும், கேட்கவும் இனிமையாக இருக்கும். அதைச் சரி என்று அனுப்பிவிட்டால் மாதம் முழுவதும் வண்டிக்காரர் அதற்குப் பணம் கட்டுவார். இங்கே நாம் பயன்படுத்தாமல் விட்டுவைத்திருக்கும் ஒரு கருவி இருக்கிறது. மாசு சான்றிதழ் தரும் நிலையங்களில் புகைக்குழாயில் குழல் செருகி அளப்பது ஐட்லிங்கில் வெளிவரும் கார்பன் மோனாக்சைடை. 2000 மார்ச் 31-க்குப் பின் வந்த, பி.எஸ். 6 மாசு விதிக்கு முந்தைய இருசக்கர வாகனங்களுக்கு வரம்பு 3.5 சதவீதம், அதற்கு முந்தியவற்றுக்கு 4.5. ஐட்லிங்கில் வரும் புகை என்றால் முழுக்க முழுக்க பைலட் பாதையின் புகை. ஆகவே அந்த எண் பைலட் ஜெட்டின் மதிப்பெண்ணே. சான்றிதழை வாங்கி மடித்துப் பெட்டிக்குள் வைப்பதோடு சரி, அந்த எண்ணைப் பட்டறைக்குக் கொண்டுவந்து யாரும் காட்டுவதில்லை. டியூன் செய்வதற்கு முன்னும் பின்னும் அதைப் பார்க்கும் வழக்கம் வந்தால், காது உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே சாட்சி கிடைக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு ஜெட்டை மாற்றத்தான் வேண்டும் என்றால், வாங்கும் இடத்தில் கவனம் வேண்டும். திலகர் திடல் ஞாயிற்றுச் சந்தையில் பழைய சாமான்களோடு கிடைக்கும் ஜெட்டின் துளையை யார் எதனால் குத்தினார்கள் என்று சொல்ல ஆளில்லை. பழைய ஸ்பேனர் வாங்கலாம், பழைய ஜெட் வாங்கக் கூடாது. புதிதிலும் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. 1985-இல் ஜப்பானின் மிக்குனியோடு கூட்டுச் சேர்ந்து சென்னையில் தொடங்கிய யூகால் நிறுவனத்தின் கார்ப்பரேட்டர்தான் புல்லட்டில் மிக்கார்ப் என்ற பெயரோடு வந்தது. அதன் ஜெட்டும் கெய்ஹின் ஜெட்டும் எண்ணில் ஒத்திருந்தாலும் ஒன்றல்ல. இரண்டு கம்பெனிகளும் எண் போடும் முறையே வேறு. மிக்குனியிலேயே பக்கவாட்டில் காற்றுத் துளைகள் உள்ள ஜெட்டும் உண்டு, இல்லாததும் உண்டு. மரை ஏறிவிட்டது என்பதற்காக ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டால் அதே எண்ணில் வேறொரு கலவை வரும். கழற்றிய பழையதைப் புதியதோடு பக்கத்தில் வைத்து நீளம், மரை, பக்கத்துளை மூன்றையும் ஒப்பிட்டு, வெளிச்சத்தில் தூக்கித் துளை வட்டமாகத் தெரிகிறதா என்று பார்த்த பிறகே காசு கொடுக்க வேண்டும். சில சிறிய கார்ப்பரேட்டர்களில் இந்த ஜெட்டைக் கழற்றவே முடியாதபடி அழுத்திப் பொருத்தியிருப்பார்கள், அதை நெம்பிப் பார்ப்பது கார்ப்பரேட்டரின் உடலையே கெடுக்கும்.

பொருத்துவதில் கெடுவது பெரும்பாலும் ஸ்க்ரூ டிரைவரால்தான். பெட்ரோலை மூடி, கிண்ணத்தை வடித்துக் கழற்றியதும் மெயின் ஜெட்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளத்துக்குள் பைலட் ஜெட் தெரியும். அந்தப் பள்ளத்துக்குள் உரசாமல் இறங்கி, ஜெட்டின் வெட்டை முழு அகலத்துக்கும் நிறைக்கும் முனை வேண்டும். மெல்லிய டெஸ்டரால் திருகினால் பித்தளை உதிர்ந்து வெட்டு வழுக்கிவிடும். பிடித்துப்போன ஜெட்டுக்குத் துரு நீக்கும் எண்ணெய் விட்டு, உடலைக் கொஞ்சம் சூடாக்கிக் காத்திருக்கலாம், நெருப்பு காட்டக் கூடாது. புதியதை விரலால் மரை பிடித்து ஏற்றி, கடைசியில் லேசாக ஒரு பிடி. அது எதையும் தாங்கி நிற்கப் போவதில்லை, அதனால் பலம் தேவையில்லை. ஏர் ஸ்க்ரூவை மூடும்போதும் அப்படியே. இறுக்கினால் கூர்முனையில் பள்ளம் விழும், அதற்குப் பிறகு அந்தத் திருகின் சாட்சியை யாரும் நம்ப முடியாது.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்ததிலிருந்து புதிய மோட்டார் சைக்கிள்களில் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது, இனி இதெல்லாம் எதற்கு என்று கேட்கிற இளைஞர்கள் இருக்கிறார்கள். அதற்கு முன் விற்ற வண்டிகள் இன்னும் நம் தெருக்களை நிறைத்து ஓடுகின்றன, பதினைந்து ஆண்டு முடிந்தாலும் தகுதிச் சான்று வாங்கிப் புதுப்பித்து ஓட்டுகிறார்கள். அவற்றை வைத்துப் பிழைப்பவர்கள் புது வண்டி வாங்க வசதி குறைந்தவர்கள். அவர்களுக்குச் செய்யும் வேலையில்தான் அளவு பிசகக் கூடாது. ஆகவே பட்டறைத் தோழர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஜெட் மாற்றினால், கழற்றியதைக் குப்பையில் போடாமல் ஒரு தாளில் மடித்து, பழைய எண், புதிய எண், திருகு நின்ற சுற்று மூன்றையும் அதன் மேல் எழுதி வண்டிக்காரரிடமே கொடுத்துவிடுங்கள். அடுத்து அந்த வண்டியைத் திறக்கப்போகும் மெக்கானிக் யாராக இருந்தாலும் அவருக்கு அது உதவும்.